ஆமென் சொல்லும் வரை கண்ணைத் திறக்காதே!

அந்தப் பெண் அலறினாள்.

சத்தம் கேட்கவில்லை.

எப்படிக் கேட்கும்? மைக்கை அணைத்து வைத்திருந்தார்களே!

கைபேசித் திரையில் தீப்பெட்டி அளவுக்கு இருபது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம். எல்லா முகமும் குனிந்திருந்தது. எல்லாக் கண்ணும் மூடியிருந்தது. ஜெப நேரம்.

ஒரே ஒரு ஜோடிக் கண் மட்டும் திறந்திருந்தது.

அது வெல்டரக்காவின் கண்.

இரும்புப் பட்டறையில் மதிய இடைவேளை. பாதி முடிந்த ஜன்னல் சட்டம் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதன் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டு டப்பாவுடன் அவள் வகுப்புக்கு வந்திருந்தாள். முப்பத்தைந்து வயது. முழங்கை வரை தீப்பொறி சுட்ட தழும்புகள். ஆம்பளைகள் இரண்டு பேர் தூக்கும் கேட்டை ஒருத்தியாய்த் தூக்கி நிறுத்துவாள்.

அவளுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று பட்டறை முதலாளி கூடக் கேட்டுவிட்டார்.

 அவள் தங்கச்சி, வீட்டு வேலைக்கு என்று போனாள். பெட்டியில் வந்தாள். அதற்குப் பிறகு வெல்டரக்காவால் கண்ணை மூட முடிவதில்லை. மூடினால் அந்தப் பெட்டிதான் வரும். அதனால்தான் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி இணையத்தில் நடத்துகிற மனிதக் கடத்தல் தடுப்புப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். அதனால்தான் ஜெபத்தின்போதும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள்.

"...பரமபிதாவே, இந்த வகுப்பை ஆசீர்வதியும்..." பேராசிரியர் ஜெபித்துக்கொண்டிருந்தார். வெள்ளி முடி. தேன் குரல். ஒரு கையை நெற்றியில் குடை போலக் கவிழ்த்திருந்தார்.

இரண்டாவது வரிசை, மூன்றாவது கட்டம்.

அதில் இருப்பவன் ஆமென் அண்ணன். பேராசிரியர் மூச்சு விட்டால் கூட 'ஆமென்!' என்று கத்துகிற ஆள். வகுப்பிலே முதல் மார்க். கட்டத்துக்குக் கீழே பெயர் கிடையாது. 'ஓர் ஊழியன்' என்று மட்டும் போட்டிருப்பான்.

அவன் முதுகுக்குப் பின்னால்தான் கதவு படாரென்று திறந்தது. அந்தப் பெண் ஓடி வந்தாள். மஞ்சள் சட்டை. கைகள் இரண்டும் டேப்பால் சுற்றப்பட்டிருந்தன. உதடு கிழிந்து ரத்தம். நேராகக் கேமராவைப் பார்த்து வாய் பிளந்து அலறினாள்.

ஆமென் அண்ணன் அவசரப்படவில்லை.

காதில் இருந்த ஒயரைக் கழற்றினான். எழுந்தான். முதுகைக் காட்டித் திரும்பினான். அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான்.

"...நோயாளிகளை நினைத்தருளும்... ராஜாக்களையும் அதிகாரிகளையும் நினைத்தருளும்..."

அவள் தலையைச் சுவரில் மோதினான்.

"...கப்பலில் போகிறவர்களை நினைத்தருளும்..."

மறுபடியும் மோதினான். சுவரில் சிவப்பாக ஒரு தீற்றல்.

"...கடலில் மீன் பிடிக்கிறவர்களையும், ஆண்டவரே..."

அவள் சரிந்தாள். கணுக்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். மஞ்சள் சட்டை மறைந்தது. வெறும் பாதம் மறைந்தது. கதவு மூடிக்கொண்டது. அவன் திரும்பி வந்து, கைக்குட்டையால் சுவரைத் துடைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒயரை மாட்டி, தலை குனிந்தான்.

"...ஜெபத்தைக் கேளும் பிதாவே, ஆமென்."

"ஆமென்!" என்றான் ஆமென் அண்ணன், தன் மைக்கைத் திறந்து. கொஞ்சம் மூச்சு வாங்கியது.

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். எல்லோர் முகத்திலும் சாந்தம்!

வெல்டரக்காவின் டப்பா தரையில் விழுந்து உருண்டது. மைக்கை அழுத்தினாள்.

"ஐயா! ஒரு நிமிஷம்! அங்க ஒரு பொண்ணு..."

திரையில் அவள் மைக் சிவப்பாகவே இருந்தது, ஒரு வார்த்தையும் வெளியே போகவில்லை.

"எல்லார் மைக்கையும் நான் அணைச்சிட்டேன்" என்று பேராசிரியர் புன்னகைத்தார். "ஒரே இரைச்சல். கேள்வியெல்லாம் கடைசியிலே வெச்சுக்கலாம். இன்னைக்குப் பாடம்... கடத்தப்பட்டவரை அடையாளம் காண்பது எப்படி."

டிங்!

அவளுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. ஓர் ஊழியனிடமிருந்து.

'சகோதரி, ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தாயே. வாயையாவது மூடி வை. நீ வாயைத் திறந்தால் நான் இவள் கழுத்தைத் திறப்பேன்.'

வெல்டரக்கா செய்தியை இரண்டு தரம் படித்தாள்.

திரையைப் பார்த்தாள். ஆமென் அண்ணன் பாடத்தைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்!

*

"சிஸ்டர்! நீங்க பார்த்தீங்களா?"

"எதைம்மா?" போனில் வேன் சிஸ்டரின் கட்டைக் குரல். மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுகிற கன்னியாஸ்திரி. வகுப்பில் பக்கத்துக் கட்டம். அதே ஊர்.

"ஆமென் அண்ணன் கட்டத்துல... ஜெபம் நடந்தப்ப..."

"ஜெபத்துல நான் கண்ணை மூடியிருந்தேன். நீ திறந்தா வெச்சிருந்தே?"

"என் பாவத்தை அப்புறம் கவனிக்கலாம் சிஸ்டர்! அவன் ஒரு பொண்ணைச் சுவத்துல அடிச்சு இழுத்துட்டுப் போனான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். வாயைத் திறந்தா அவளைக் கொன்னுடுவேன்னு எழுதி அனுப்பியிருக்கான்!"



"ஆமென் அண்ணனா? போன வாரம் கர்த்தர் தன்னை எப்படி மாத்தினார்னு அவன் சாட்சி சொன்னதைக் கேட்டு நான் அழுதேனேம்மா!"

"நல்லா அழுதீங்க போங்க!"

"போலீசுக்குச் சொன்னியா?"

"சொன்னேன். ஆள் பேரு என்னன்னாங்க. ஆமென் அண்ணன்னு சொன்னேன். எந்தத் தெருன்னாங்க. தெரியாதுன்னேன். எந்த ஊருன்னாங்க. அதுவும் தெரியாதுன்னேன். 'ஏம்மா, எங்களுக்கு வேற வேலை இல்லையா'ன்னு போனை வெச்சிட்டாங்க."

"விலாசம் வேணும்."

"விலாசம் நம்ம ஊர்ல இருக்கிற கல்லூரி ஆபீஸ்ல இருக்கும். ஐயாகிட்ட கேட்டா கொடுப்பாரு. அதுவும் சீக்கிரம் வேணும் சிஸ்டர். நான் பார்த்துட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே அவளை அவன் உயிரோட வெச்சிருப்பானா?"

"பட்டறை வாசல்ல நில்லு. வர்றேன்."

வேன் வந்தது. வந்த வேகத்தில் வாசலில் இருந்த தண்ணீர் டிரம் கவிழ்ந்தது. வெல்டரக்கா தோல் ஏப்ரனைக் கழற்றக் கூட நேரமில்லாமல் ஏறினாள்.

"சீட் பெல்ட் போட்டுக்கோம்மா."

"நீங்க போடலையே?"

"எனக்குக் கர்த்தர் இருக்கார். உனக்கு விசுவாசம் கொஞ்சம் கம்மி" என்று சிஸ்டர் ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.

*

கல்லூரி அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. கீழே ஜெராக்ஸ் கடை. பக்கத்தில் பஞ்சர் கடை. தெருவில் நிறுத்த இடம் இல்லை.

"நான் வண்டியிலேயே இருக்கேன். இறங்கினா சக்கரத்துக்குப் பூட்டு போட்டுடுவான். நீ ஓடு!"

வெல்டரக்கா படிகளைத் தாவி ஏறினாள்.

பேராசிரியர் தனியாக இருந்தார். மேசையில் மடிக்கணினி, காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடிக் குண்டு ஒன்று, தண்ணீர் ஜாடி. சுவர் நிறையப் புத்தகங்கள். வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது.

"வாம்மா, வாம்மா. வகுப்பிலிருந்து பாதியிலே போயிட்டியே. உடம்பு சரியில்லையா?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். மூச்சு விடாமல் கொட்டினாள். தனிச் செய்தியைக் காட்டினாள். பேராசிரியரின் முகம் வெளுத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் வகுப்பிலேயா! கர்த்தாவே... நான் அவனுக்கு நூத்துக்கு நூறு போட்டேனே!"

"விலாசம் மட்டும் குடுங்க ஐயா. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"நீ ஒரு பொம்பளை, தனியா என்ன பண்ணுவே? இரு. எனக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் இருக்கார்." கைபேசியை எடுத்து அழுத்தினார். "ஹலோ... ஆமா, நான்தான். அந்தப் பொண்ணு சமாச்சாரம் வெளியே தெரிஞ்சு போச்சு. பார்த்தவங்க இங்கேதான் இருக்காங்க. ஆமா... இனிமே தள்ளிப் போட வேண்டாம். உடனே முடிச்சிடுங்க."

வெல்டரக்கா பெருமூச்சு விட்டாள். அந்த நிமிஷம் அவர் காலில் விழக் கூடத் தயாராக இருந்தாள்.

"ரொம்ப நன்றிங்க ஐயா."

"தண்ணி குடிம்மா. வேர்த்துக் கொட்டுது பாரு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தெரு இரைச்சல் அடங்கியது.

அவள் ஏப்ரன் பையில் இருந்த கைபேசி அடித்தது. வேன் சிஸ்டர்.

"எவ்வளவு நேரம்மா? டிராபிக் போலீஸ் வேனைச் சுத்திச் சுத்தி வர்றான். என்னைப் பார்த்தா அவனுக்குப் பயமாவும் இருக்கு, பக்தியாவும் இருக்கு."

"ஐயா இன்ஸ்பெக்டர்கிட்ட பேசிட்டாரு சிஸ்டர். கொஞ்சம் பொறுங்க."

"சீக்கிரம் வா. முட்டி வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நான் முட்டி போட்டு ஜெபிக்கிறவ. ஐயா எப்பவும் ரெண்டே வரியிலே முடிச்சிடுவாரு. இன்னைக்கு என்னம்மா வந்துச்சு அவருக்கு? ராஜா, அதிகாரி, கப்பல்ல போறவன், மீன் பிடிக்கிறவன்... ஒருத்தனை விடலையே! முடிப்பாரு முடிப்பாருன்னு நான்..."

வெல்டரக்காவின் காதில் அதற்கு மேல் எதுவும் விழவில்லை.

மஞ்சள் சட்டை ஓடி வந்தபோது ஜெபம் தொடங்கி இரண்டு வரி ஆகியிருந்தது. முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நீண்டது. ஆமென் அண்ணன் சுவரைத் துடைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒயரை மாட்டும் வரைக்கும் நீண்டது. உட்கார்ந்த உடனே... ஆமென்!

யாராவது பார்த்துக்கொண்டே ஜெபித்தால்தான் அப்படிக் கச்சிதமாக முடிக்க முடியும்!

இன்னொன்று. ஆமென் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு அல்லவா அவளை அடித்தான்? இவள் கண் திறந்திருந்தது அவனுக்கு எப்படித் தெரிந்தது?

யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நெற்றியில் கையைக் குடை போலக் கவிழ்த்து, விரல் இடுக்கு வழியாக இருபது கட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்த யாரோ!

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். போனை அணைக்காமல் பையில் போட்டாள்.

பேராசிரியர் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கர்த்தர் உனக்கு ரொம்பப் பெரிய கண்ணைக் கொடுத்துட்டார்மா" என்றார். அதே தேன் குரல். "மூடி வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

*

கண்ணாடிக் குண்டு பறந்து வந்தது.

அவள் விலகுவதற்குள் தாடையில் இறங்கியது. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. வாய் முழுக்க ரத்தம். அவள் தள்ளாடிய நொடியில் மடிக்கணினியின் ஒயர் அவள் கழுத்தைச் சுற்றியது. வெள்ளி முடிக் கிழவனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! முதுகில் முழங்காலை ஊன்றி இறுக்கினார்.

"துடிக்காதேம்மா. துடிச்சா ரொம்ப வலிக்கும்."

கண்ணில் பூச்சி பறந்தது. மூச்சு நின்றது. கைகள் காற்றைத் துழாவின. மேசை. ஜாடி. ஜாடி விழுந்து நொறுங்கியது.

ஏப்ரன் பை!

உள்ளே இருந்தது, வெல்டிங் கழிவைத் தட்டி எடுக்கிற கூர்முனைச் சுத்தியல்.

பார்க்காமலே பின்பக்கம் வீசினாள்.

சடக்!

முழங்கால் சிப்பி பிளந்த சத்தம். பேராசிரியர் ஊளையிட்டுச் சரிந்தார். ஒயர் தளர்ந்தது. அவள் இருமி, துப்பி, சுவரைப் பிடித்து நின்றாள். துப்பியதில் பல் இருந்தது.

அவர் ஒற்றைக் காலில் தவழ்ந்து மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே கையை விட்டார். அவள் ஓங்கி ஓர் உதை விட்டாள். இழுப்பறை படாரென்று மூடியது. நான்கு விரல்கள் உள்ளே!

"ஐயோ! ஐயோ கர்த்தாவே!"

"அவரை ஏன் கூப்பிடுறீங்க? அவர் வந்தா உங்களுக்குத்தான் முதல் அடி!" அவள் இழுப்பறையை இடுப்பால் அழுத்திக்கொண்டு குனிந்தாள். "எங்கே அவ?"

"மாட்டேன்..."

"எங்கே?"

வலியிலும் அவர் சிரித்தார். "நீதானேம்மா கட்டுரையிலே எழுதினே... அடிச்சு வாங்குற வாக்குமூலத்துல உண்மை இருக்காதுன்னு?"

"அதுக்கு எத்தனை மார்க் போட்டீங்க?"

"எழுபது."

"மிச்சம் முப்பது ஏன் குறைஞ்சுதுன்னு இப்பதான் புரியுது!"

சுத்தியல் இறங்கியது. இன்னொரு முழங்கால். அலறலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"சொல்லுங்க ஐயா!"

"சொன்னா மட்டும்... என்ன?" அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "லேட்டும்மா. நான் போன்ல பேசினதைக் கேட்டியே. முடிச்சிடுன்னு சொன்னேனே. அது இன்ஸ்பெக்டருக்கா சொன்னேன்?"



அவள் கண் முன்னாலேயே, அவள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெண்ணின் சாவுக்கு உத்தரவு போயிருக்கிறது!

மேசையில் கிடந்த அவருடைய கைபேசியைப் பாய்ந்து எடுத்தாள். கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தினாள். ஆமென் அண்ணனைத் திட்டலாம், மிரட்டலாம், போலீஸ் வந்துவிட்டது என்று பொய் சொல்லலாம். என்ன சொல்லியாவது ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும்.

மணி அடித்தது.

அவள் காதில் மட்டும் அடிக்கவில்லை.

காலுக்குக் கீழேயும் அடித்தது!

சன்னமாக... தரைக்கு அடியில்... ஜெராக்ஸ் கடைக்கும் அடியில் எங்கேயோ!

"அடப்பாவி! இதே கட்டடமா!"

பேராசிரியரின் முகத்தில் சிரிப்பு செத்தது.

அதே நேரம் கதவு அதிர்ந்தது. ஒரு தரம். இரண்டு தரம். தாழ்ப்பாள் பிய்ந்து பறந்தது. வாசலில் வேன் சிஸ்டர். கையில் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர். அணைக்காத போனில் அத்தனையும் கேட்டிருந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"நீ கீழே போம்மா. ஐயாவை நான் பார்த்துக்கறேன்."

"சிஸ்டர்... அடிச்சுடாதீங்க. விசாரணைக்கு ஆள் வேணும்."

"நான் ஏன் அடிக்கிறேன்? அவர் ஆத்துமாவுக்காக ரெண்டு வார்த்தை பேசப் போறேன்."

வெல்டரக்கா படியிறங்கும்போது பின்னால் ணங்கென்று முதல் வார்த்தை கேட்டது.

*

அடித்தளத்துக்குப் படிகள் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தன. குப்பைத் தொட்டி. ஈரம். துரு நாற்றம். கீழே ஓர் இரும்புக் கதவு.

போன் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

சட்டென்று நின்றது.

அதற்குப் பிறகு ஒரு சத்தம். சதையின் மேல் இரும்பு விழுகிற சத்தம். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். பட்டறையில் ஒருவன் காலில் கம்பி விழுந்தபோது கேட்டிருக்கிறாள். ஒரு முனகல். பிறகு எதுவுமே இல்லை.

"வேண்டாம்... வேண்டாம்டா பாவி..."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தங்கச்சிக்கும் லேட்டாகத்தான் போனாள். பெட்டியைத் திறக்காதீர்கள் என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். திறந்தாள். இன்னொரு பெட்டியைத் தன்னால் பார்க்க முடியாது, சத்தியமாக முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

கதவை உதைத்தாள். பூட்டியிருக்கவில்லை.

ஒற்றை பல்பு. வாடகை நாற்காலிகள் சுவர் வரை அடுக்கியிருந்தன. அந்த மேசை. அந்தச் சுவர். சரியாகத் துடைக்காத அந்தத் தீற்றல். தரையில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தத்தின் முடிவில் இரண்டு கால்கள் நீட்டிக் கிடந்தன.

ஷூ போட்ட கால்கள்!

அவள் புரிந்துகொள்வதற்குள் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓர் இரும்பு மடக்கு நாற்காலி அவள் மண்டையை நோக்கி வந்தது. குனிந்தாள். நாற்காலி கதவில் மோதிப் பொறி பறந்தது.

"கிட்ட வந்தே... கொன்னுடுவேன்!"

மஞ்சள் சட்டை.

ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கழுத்தில் மெல்லிய கத்திக் கோடு. மணிக்கட்டில் அறுந்த டேப் தொங்கியது. ஆனால் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியை மறுபடி ஓங்கிக்கொண்டு நின்றாள்!

"அடிக்காதேம்மா! நான்... நான் உன்னைக் காப்பாத்த வந்தேன்!"

அந்தப் பெண் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ரத்தம் வழிகிற வாய். தோல் ஏப்ரன். கையில் சுத்தியல்.

"பார்த்தா அப்படித் தெரியலையேக்கா!"

அக்கா.

அந்த ஒரு வார்த்தை வெல்டரக்காவுக்குப் போதும். தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அந்தப் பெண் பயந்து போய் நாற்காலியைக் கீழே போட்டாள்.

"அக்கா... அழாதீங்க. நான் நல்லா இருக்கேன்."

"எப்படிம்மா...? அவன் உன்னை முடிக்க வந்தானே!"

"வந்தான். இந்த டேப்பை மேசை விளிம்புல தேய்ச்சு அறுத்துட்டிருந்தேன். கத்தியைக் கழுத்துல வெச்சான். அப்ப போன் அடிச்சுது. பெரியவர் நம்பர். எடுக்கவா வேண்டாமான்னு ரொம்ப நேரம் தயங்கி, கடைசியிலே போன் பக்கம் திரும்பினான். பெரியவர்னா அவனுக்கு அவ்வளவு பயம். அந்த ஒரு செகண்ட்தான்க்கா... நாற்காலி கைக்குக் கிடைச்சுது."

வெல்டரக்கா தன் கையிலிருந்த பேராசிரியரின் கைபேசியைப் பார்த்தாள்.  அந்த மணியை அடித்தது இவள்தானே!

ஆமென் அண்ணனிடம் போய்க் குனிந்தாள். உயிர் இருந்தது. ஆமென் சொல்ல முன்பல் ஒன்று கூட இல்லை.

"கதவு திறந்துதானே இருந்துச்சு? அடிச்ச உடனே ஓட வேண்டியதுதானே?"

"எப்படிக்கா ஓடுறது? உள்ளே இன்னும் மூணு பேர் இருக்காங்க."

நாற்காலி அடுக்குக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. பெரிய பூட்டு. வெல்டரக்கா எழுந்தாள். பூட்டு எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தவளுக்கு அதை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? சுத்தியல் எழும்பி இறங்கியது. பூட்டு வாயைப் பிளந்தது.

மூன்று பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தி நடக்க முடியாமல் இன்னொருத்தியின் தோளில் தொங்கினாள். ஒருத்தி கையில் சிகரெட் சுட்ட வட்டங்கள். வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கூசினார்கள். வெல்டரக்கா ஒவ்வொருத்தி முகத்தையும் கையில் ஏந்திப் பார்த்தாள். எல்லோரும் சூடாக, உயிரோடு இருந்தார்கள்.

"பாவிங்க... எப்படிம்மா இவங்ககிட்ட மாட்டினீங்க? வீட்டு வேலைன்னு கூப்பிட்டாங்களா?"

"இல்லக்கா" என்றாள் மஞ்சள் சட்டை.

"துணிக் கம்பெனி வேலையா?"

"இல்லக்கா."

"கல்யாணம்னு சொன்னாங்களா?"

"அதுக்கெல்லாம் நாங்க ஏமாற மாட்டோம்க்கா. பேப்பர்ல தினமும் போடுறாங்களே!" அவள் உதட்டைக் கடித்தாள். "படிப்புன்னு சொன்னாங்க. முழு உதவித்தொகை, தங்க விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம்னாங்க. பெரியவர்தான் பேசினார். ஜெபம் பண்ணிட்டுப் பேசினார். நேர்ல வந்து சேருங்கன்னு சொன்னார். வந்தோம்."

"என்ன படிப்பு?"

மஞ்சள் சட்டை தலை குனிந்துகொண்டாள்.

"மனிதக் கடத்தல் தடுப்புக்கா!"

பல்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. 

வெல்டரக்காவும் அந்த விடுதியில் இடம் கேட்டிருந்தாள். கேமரா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். பேராசிரியர் தழும்பு ஏறிய அவள் முரட்டுக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, 'உனக்கு இணையத்திலேயே போதும்மா' என்றார். அன்றைக்கு அவளுக்கு அது மனக்குறை!

*

சைரன் சத்தம் தெருவை நிறைத்தது.

வேனுக்குப் பூட்டு போட வந்த டிராபிக் போலீஸ்காரர், மாடியில் கேட்ட அலறலில் பயந்து, ஸ்டேஷனுக்கே சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் இறங்கினார். இந்த முறை நிஜ இன்ஸ்பெக்டர்.

முதலில் மாடிக்குப் போனார். திரும்பி வந்தார். பிறகு அடித்தளத்துக்குப் போனார். திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

நான்கு பெண்களும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் சட்டை வெல்டரக்காவின் கையை விடவே இல்லை. இழுத்து இழுத்துப் பார்த்த நர்ஸ் கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்தே ஏற்றினாள்.

இன்ஸ்பெக்டர் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேலே இருக்கிற ஆளு?"

"எங்க பேராசிரியர் சார்" என்றாள் வேன் சிஸ்டர், ஸ்பேனரை அங்கிக்குள் தள்ளிக்கொண்டே. "நல்லாப் பாடம் நடத்துவார்."

"அந்த ஆளுக்கு ரெண்டு முழங்காலும் இல்லை. தலையிலே கோழி முட்டை சைஸுல வீக்கம். கீழே ஒருத்தன் பொக்கை வாயோட கிடக்கான்." இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தினார். "அவங்க அயோக்கியங்கதான், ஒத்துக்கறேன். அதுக்காக? பட்டப்படிப்பு படிக்கிறவங்க நீங்க. ஏம்மா, சட்டத்தைக் கையிலே எடுக்கலாமா?"

வெல்டரக்கா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"தினமும் அதைத்தானே சார் எடுக்கிறேன்! ஜன்னல் சட்டம், கதவுச் சட்டம், கேட்டுச் சட்டம்... நான் வெல்டர் சார்!"